விடுதியில் ஒரு விஞ்சைமகள்: என் நாவல் வரைவைக் குறித்துக் கருத்துகள் வேண்டும்

நாவல்மரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரிப் பருவத்து வாசகர்களை மனத்தில் கொண்டு இரண்டு ஆண்டுகளாக ஒரு மிகைபுனைவை எழுதி வருகிறேன். 14 அத்தியாயங்கள் வரை தடையின்றி ஓடிய கதை, அதற்குமேல் நகர மறுக்கிறது. கருவைச் சொல்லிவிடுகிறேன், குறை எங்கே என்று தயங்காமல் சொல்லுங்கள்.

மணிமேகலையில் வரும் காயசண்டிகையிடமிருந்துதான் இந்தக் கதை தொடங்கியது. அவள் வானில் இயங்கும் விஞ்சையர் குலத்தவள். பொதியில் மலைச்சாரலில், 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் உண்ணும் முனிவர் ஒருவர் தேக்கிலையில் வைத்துவிட்டு நீராடச் சென்ற நாவற்கனியைச் செருக்கோடு நடந்து மிதித்துவிடுகிறாள். அவருடைய சாபத்தால் வானில் செல்லும் மந்திரத்தை இழந்து, 12 ஆண்டுகள் யானைத்தீ என்னும் தீராப் பசியோடு அலைகிறாள். என் கதாநாயகியும் அவ்வாறு சபிக்கப்பட்டவள்தான், ஆனால் அவள் வாழ்வது நம் காலத்தில். 9 ஆண்டுகள் கழிந்து 3 ஆண்டுகள் எஞ்சியுள்ளன. பெருந்திரளாகச் சோறு பொங்கும் இடத்தில் இருந்தாக வேண்டும் என்பதால், பாளையங்கோட்டையில் ஒரு மகளிர் கல்லூரியில் வேதியியல் இளங்கலைக்குச் சேர்ந்து விடுதியில் தங்குகிறாள். காயசண்டிகை புகார் நகரத்துக்குப் போனாள். இவள் மெஸ்ஸுக்கு வருகிறாள்.

அவள் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் வர்ஷினி. அறைத்தோழியின் பெயர் இசக்கியம்மாள். மனிதப் பெண்ணுக்குத் தெய்வத்தின் பெயரும், மனிதரல்லாதவளுக்குச் சேர்க்கைப் படிவத்துக்கு ஏற்ற பெயரும் அமைந்துவிட்டது எனக்கே பிடித்திருந்தது. வளாகத்தில் ஒரு நாவல்மரம் நிற்கிறது. கல்லூரி திறக்கும் பருவத்தில் பாதையெங்கும் பழம் உதிர்ந்து கிடக்க, வர்ஷினி குனிந்த தலை நிமிராமல் நடக்கிறாள், மற்ற மாணவிகள் அதை அடக்கம் என்று எண்ணிப் பாராட்டுகிறார்கள். (என் புனைபெயரிலுள்ள சிலேடையை யாரும் சுட்டிக்காட்ட வேண்டாம், வீட்டில் கேட்டது போதும்.)

14ஆம் அத்தியாயத்தில் இசக்கிக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. அவள் இரகசியத்தைக் காப்பதாக உறுதி கூறுகிறாள். அதன் பிறகு என்ன நடக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

வெண்பாப்பித்தன் எழுதியது:

அருமையான தொடக்கம். ஆனால் ஒரு வினா: வர்ஷினி மனிதப் பெண் அல்லள் என்பது பசியைத் தவிர வேறு எதனால் வெளிப்படும்? பசியை மறைப்பது எளிது. உடம்பை மறைப்பதுதான் கடினம். நளவெண்பாவில் சுயம்வர மண்டபத்தில் நளனின் உருவத்திலேயே தேவர்களும் அமர்ந்திருக்க, தமயந்தி எப்படிக் கண்டுகொள்கிறாள் என்பதைப் புகழேந்தி இரண்டடிக்குள் சொல்லிவிடுகிறார்: "கண்ணிமைத்த லாலடிகள் காசினியில் தோய்தலால், வண்ண மலர்மாலை வாடுதலால்". கண் இமைப்பவன், கால் தரையில் படுபவன், கழுத்து மாலை வாடுபவன் எவனோ அவனே மனிதன். தெய்வத்துக்கு அடையாளம் தேடாமல் மனிதனுக்கு அடையாளம் தேடியதில்தான் அந்தப் பெண்ணின் கூர்மை இருக்கிறது.

இவை தேவர்களுக்குரிய குறிகள். விஞ்சையருக்கும் பொருந்துமா என்பது உங்கள் உரிமை. பொருந்தும் என்று கொண்டால், விடுதி வாழ்வின் ஒவ்வொரு நாளும் அவளுக்குத் தேர்வாகிவிடும். வெள்ளிக்கிழமை வைத்த மல்லிகைச் சரம் திங்கட்கிழமையும் வாடாமல் இருந்தால், பக்கத்து அறைப் பெண் எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்க மாட்டாளா?

கடைசிபெஞ்சு எழுதியது:

வெண்பாப்பித்தன் ஐயா சொன்ன இமைக்காத கண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள் அக்கா. இப்போதைய முகப்பதிவுச் செயலிகள் சில, புகைப்படத்தைக் காட்டி ஏமாற்றுவதைத் தடுப்பதற்காக, எதிரில் நிற்பவரைக் கண்ணை ஒருமுறை இமைக்கச் சொல்கின்றன. இமைத்தால்தான் உயிருள்ள ஆள் என்று ஏற்றுக்கொண்டு வருகையைப் பதிவு செய்யும். தமயந்தி வைத்த அதே தேர்வை இன்று ஒரு கைப்பேசி வைக்கிறது! வர்ஷினி காலை 8.40 மணிக்கு அந்தத் திரையின் முன் நிற்கிறாள், வரிசையில் பின்னால் 30 பேர் நிற்கிறார்கள், இயந்திரம் மீண்டும் மீண்டும் இமைக்கச் சொல்கிறது. இரவெல்லாம் கண்ணாடி முன் பழகிய இமைப்பு அந்த நேரத்தில் வரவில்லை. இந்த ஒரு காட்சிக்காகவே நான் நாவலை வாங்குவேன்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. நான் இரண்டாமாண்டு படிக்கிறேன். என் வயதினர் படிப்பதற்கான கதை என்றால், காப்பியச் செய்திகளை அத்தியாயத்துக்கு ஒன்றாக அள்ளித் தெளித்து எங்களுக்குப் பாடம் நடத்த வேண்டாம். வர்ஷினிக்குப் பசிக்கிறது என்பதை முதலில் உணர்ந்தால், காயசண்டிகை யார் என்று நாங்களே தேடிப் போவோம்.

முன்னாள்காப்பாளர் எழுதியது:

மகளிர் விடுதி ஒன்றில் 11 ஆண்டுகள் துணைக்காப்பாளராக இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். பசியை மறைப்பது எளிது என்று மேலே ஒருவர் எழுதியிருப்பதைப் படித்துச் சிரித்துவிட்டேன். விடுதியில் மறைக்கவே முடியாத ஒன்று உண்டென்றால் அது பசிதான்.

நம் ஊர் விடுதிகள் பலவற்றில் உணவுக் கட்டணம் டிவைடிங் சிஸ்டம் என்ற முறையில் வசூலிக்கப்படுகிறது. அரிசி, பருப்பு, காய்கறி, எரிவாயு, சமையலர் கூலி என்று அந்த மாதத்தில் ஆன மொத்தச் செலவைக் கூட்டி, சாப்பிட்ட நாள்களின் அடிப்படையில் மாணவிகளுக்கிடையே பிரித்துவிடுவார்கள். ஒருத்தி கூடுதலாக உண்டால் அந்தச் செலவு அவள் கணக்கில் ஏறாது. எல்லோர் கணக்கிலும் ஏறும்.

உங்கள் கதைக்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 240 மாணவிகள், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய் என்று கொள்வோம். வர்ஷினி தன் பங்குக்கு மேல் 20 பேர் சாப்பாட்டை உண்கிறாள் என்றால், மாதத்துக்கு 60,000 ரூபாய் கூடுதலாகிறது. அதைப் பிரித்தால் ஒவ்வொருத்தி தலையிலும் 250 ரூபாய் விழும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி என்று வைத்தாலும், மாதத்துக்கு 240 கிலோ, அதாவது 25 கிலோ சிப்பத்தில் ஏறத்தாழ 10 சிப்பம் காணாமல் போகும். சமையலறை அக்காவின் கண்ணுக்கு ஒரு சிப்பம் குறைந்தாலே தெரிந்துவிடும்.

மாணவிகளிலிருந்து மாதம் ஒருவரை மெஸ் செக்ரட்டரியாகத் தேர்ந்தெடுக்கும் வழக்கமும் பல விடுதிகளில் உண்டு. சரக்கு இறக்கும்போது உடனிருந்து எடை பார்த்து ஸ்டாக் ரிஜிஸ்டரில் கையெழுத்திட வேண்டியவர் அவர்தான். உங்கள் இசக்கியை அந்த நாற்காலியில் உட்கார வைத்துப் பாருங்கள்.

நாவல்மரம் எழுதியது:

முன்னாள்காப்பாளர் அம்மா, உங்கள் கணக்கைப் படித்ததிலிருந்து எனக்கு உறக்கமில்லை. என் வரைவில் வர்ஷினி நள்ளிரவில் சமையலறைக்குள் நுழைந்து, அண்டாவில் நீரூற்றி வைத்த மீந்த சோற்றை உண்கிறாள் என்று மட்டும் எழுதியிருந்தேன். அந்தச் சோறு மறுநாள் காலையில் யாருக்கோ உரியது என்ற எண்ணமே எனக்கு எழவில்லை.

ஆனால் ஒரு தயக்கம் இருக்கிறது. வர்ஷினியைத் திருடியாக்க எனக்கு மனமில்லை. அவள் சாபத்தால் துன்புறுபவள். வாசகரின் இரக்கம் அவள்மேல் இருக்க வேண்டும். இசக்கியோ தோழிக்காக எதையும் விருப்பத்தோடு செய்பவள். அவளை மெஸ் செக்ரட்டரியாக்கினால், இருவருமாகச் சேர்ந்து தப்பிக்கும் விறுவிறுப்பான காட்சிகள் அமையும் என்று தோன்றுகிறது. அது போதாதா?

கந்திற்பாவை எழுதியது:

போதாது. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நீங்கள் காயசண்டிகையின் சாபத்தை எடுத்துக்கொண்டு, அவளுடைய உருவத்துக்கு அதன்பின் என்ன நேர்ந்தது என்பதை விட்டுவிட்டீர்கள். மணிபல்லவத் தீவில் மணிமேகலா தெய்வம் மணிமேகலைக்கு மூன்று ஆற்றல்களை மந்திரமாகத் தருகிறது: வேற்றுருக் கொள்வது, வானில் செல்வது, பசியைப் பொறுப்பது. அமுதசுரபியிலிருந்து அவள் இட்ட ஒரு பிடிச் சோற்றில் காயசண்டிகையின் பசி தீர்ந்துவிடுகிறது. அவள் ஊரை நோக்கிப் பறந்து போன பிறகு, தன்னை விரும்பித் தொடரும் சோழ இளவரசன் உதயகுமாரனிடமிருந்து தப்பிப்பதற்காக மணிமேகலை அவளுடைய உருவத்தையே எடுத்துக்கொண்டு புகாரில் உலவுகிறாள். 12 ஆண்டுகள் முடிந்தும் மனைவி வரவில்லையே என்று தேடிவந்த கணவன் காஞ்சனன், இவளையே தன் மனைவியென்று எண்ணுகிறான். அவள் தன்னைப் பொருட்படுத்தாமல் அரசகுமாரனிடம் பேசுவதைக் கண்டு பொறாமை கொண்டு, நள்ளிரவில் அம்பலத்துக்கு வந்த உதயகுமாரனை வாளால் வெட்டி வீழ்த்துகிறான். தூணில் உறையும் பாவை பேசி உண்மையை உரைக்கும்போது எல்லாம் முடிந்துவிட்டிருக்கிறது. (என் புனைபெயர் அங்கிருந்து வந்ததுதான், நானும் எல்லாம் முடிந்த பிறகே வாய் திறக்கிறேன் என்று நண்பர்கள் சொல்வார்கள்.)

இதில் மணிமேகலையிடம் தீய நோக்கம் சிறிதும் இல்லை. தன்னைக் காத்துக்கொள்ளத்தான் உருவை மறைத்தாள். செத்தது வேறொருவன், கொலைகாரனானது இன்னொருவன்.

பழிவாங்கப் பேயாக வந்த பழையனூர் நீலியின் கதையையும் பாருங்கள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தன் கணவன் என்று ஒரு வணிகனைச் சுட்டி அவள் அழுகிறாள். ஊர் வேளாளர் 70 பேர் அந்த அழுகையை நம்பி, அவன் உயிருக்கு நாங்கள் பிணை என்று சொல்லி, அவனைக் காத்துவந்த கத்தியையும் வாங்கி வைத்துவிடுகிறார்கள். காலையில் அவன் பிணமாகக் கிடக்க, சொன்ன சொல்லுக்காக அந்த 70 பேரும் தீயில் இறங்குகிறார்கள். நீலிக்கண்ணீர் என்ற சொல் மட்டும் நம் நாவில் தங்கிவிட்டது, நம்பியவர்கள் தங்கவில்லை.

காரைக்காலம்மையாரின் கதை இன்னும் மென்மையானது, ஆகையால் இன்னும் கொடியது. இறைவனிடம் கேட்டுப் பெற்ற மாங்கனியைப் பற்றிக் கணவன் பரமதத்தன் வினவியபோது, அம்மையார், அதாவது புனிதவதியார், மறைக்காமல் உண்மையைச் சொல்லிவிடுகிறார். பரமதத்தன் அவரை வெறுக்கவில்லை, அடிக்கவில்லை. தெய்வம் என்று அஞ்சி விலகுகிறான். கப்பலேறிப் போய்ப் பாண்டிநாட்டில் வேறொரு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிடுகிறான். உறவினர் அம்மையாரை அழைத்து வந்தபோது, குடும்பத்தோடு அவர் காலில் விழுகிறான். கட்டிய கணவன் கால்களில் விழுந்த அந்த நொடியில் அவருடைய இல்வாழ்க்கை முடிந்துவிட்டது.

நான் சொல்ல வருவது இதுதான். இயற்கைக்கு அப்பாற்பட்ட தன்மை மறைந்தாலும் வெளிப்பட்டாலும், அதற்கான விலையை நம் கதைகளில் பக்கத்தில் இருப்பவர்தான் கொடுக்கிறார். உங்கள் 14 அத்தியாயங்களிலும் துன்பம் முழுவதும் வர்ஷினியுடையது. இசக்கிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. கதை நின்றுபோனதற்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

கடைசிபெஞ்சு எழுதியது:

கந்திற்பாவை அவர்களின் கருத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் ஒன்றில் மாறுபடுகிறேன். இரகசியத்தோடு கல்லூரிக்கு வருபவளின் கதையை நாங்கள் படிப்பது, அவள் அகப்பட்டுத் தண்டனை பெறுவதைப் பார்க்க அன்று. முதலாண்டில் சேர்ந்தபோது நானும் சிலவற்றை மறைத்தேன்: என் பேச்சு வழக்கை, அப்பா பார்க்கும் வேலையை, ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு பாதி புரியவில்லை என்பதை. மறைப்பதில் அச்சம் மட்டும் இல்லை. யாருக்கும் தெரியாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்ற இரகசியப் பெருமிதமும் உண்டு. அந்தச் சுவை கதையில் இல்லாமல் போனால், அது விசாரணை அறிக்கையாகிவிடும்.

மணிமேகலையிலேயே அதற்கும் இடமிருக்கிறது. வஞ்சி நகரத்துக்குப் போகும்போது, இளம்பெண் என்று கண்டால் யாரும் உனக்கு மெய்ப்பொருளை உரைக்க மாட்டார்கள், வேற்றுருக் கொள் என்று தெய்வம் முன்னரே சொல்லியிருந்ததால், அவள் தவசியின் ஆண் வடிவம் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சமயவாதியிடமாகச் சென்று கேட்கிறாள். கல்லூரிக் கதைக்கு இதைவிட நெருக்கமான முன்னோடி இல்லை: மாறுவேடத்தில் வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கும் மாணவி! எல்லாவற்றையும் மறுப்புக் கூறாமல் கேட்டு வந்தவள், பூதங்களின் சேர்க்கையே உயிர் என்னும் பூதவாதி இந்தப் பிறப்பைத் தவிர வேறில்லை என்றதும் சிரித்துவிடுகிறாள். தன் முற்பிறப்பைத் தானே அறிந்தவள் அல்லவா? அந்தச் சிரிப்பில் வேடம் கலைந்துவிடுமோ என்று ஒரு நொடி நமக்குப் படபடக்கிறது. வர்ஷினிக்கும் அப்படி ஒரு சிரிப்பு வேண்டும். வேதியியல் வகுப்பில் பசிக்கும் ஆற்றலுக்கும் கலோரிக் கணக்குப் போடும் பேராசிரியர் முன்னிலையில் அவள் அடக்க முடியாமல் சிரிக்கட்டும்.

மாளாத பசியை ஏழ்மைக்கோ சாதிக்கோ உருவகமாக்கும் ஆசை யாருக்கும் வரலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பசி பசியாகவே இருக்கட்டும்.

வெண்பாப்பித்தன் எழுதியது:

பசியை மறைப்பது எளிது என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். காலில் விழுதலைப் பற்றிக் கந்திற்பாவை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கலாம். உண்மை தெரிந்த இரவில் இசக்கி உறுதிமொழி கூறுவதாக எழுதியிருக்கிறீர்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், இசக்கியம்மன் கொடை விழாவுக்குப் போய்ப் பழகியவள், தன் அறையில் தரையில் கால் பாவாமல் ஒருத்தி நிற்பதைக் கண்டால் முதலில் என்ன செய்வாள்? கைகூப்ப மாட்டாளா? நேற்றுவரை ஒரே தட்டில் கை வைத்தவள் இன்று எச்சில் பட்டுவிடுமோ என்று தட்டைத் தள்ளி வைத்தால், அதைவிட வர்ஷினியை எது புண்படுத்தும்?

முன்னாள்காப்பாளர் எழுதியது:

நடைமுறை பற்றிச் சுருக்கமாக. சரக்கில் குறைவு தெரிந்தால் முதலில் சமையலறைப் பணியாளர்மேல்தான் ஐயம் விழும்; அதையும் எழுதுங்கள், அந்தப் பெண்களுக்காகப் பேச ஆள் இருக்காது. அடுத்து ரிஜிஸ்டரில் கையெழுத்திட்டவரை அழைப்பார்கள். விளக்கக் கடிதம் எழுதி வாங்குவார்கள். அது நிறைவளிக்காவிட்டால், பெற்றோரை அழைத்து வரச் சொல்வார்கள். மாணவிகள் மிகவும் அஞ்சுவது அந்தக் கடைசிச் சொல்லுக்குத்தான். அபராதத்துக்குக்கூட அவ்வளவு அஞ்சமாட்டார்கள்.

பெற்றோர் வந்து காத்திருக்கும் அந்த நீள பெஞ்சை நான் பல முறை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் தந்தையர் அதன் விளிம்பில்தான் உட்காருவார்கள்.

நாவல்மரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாள்களாக 14ஆம் அத்தியாயத்தை முழுவதுமாக மாற்றி எழுதினேன். உறுதிமொழிக் காட்சியை எடுத்துவிட்டேன். இசக்கி இப்போது ஆகஸ்டு மாதத்து மெஸ் செக்ரட்டரி. அவளுடைய தாய் ஆலங்குளத்துக்கு அருகில் ஒரு சிற்றூரில் பீடி சுற்றுகிறார். மெஸ் பில்லில் கூடிய 250 ரூபாய்க்கு அம்மா எத்தனை பீடி சுற்ற வேண்டும் என்று இசக்கிக்கு மனக்கணக்காகவே தெரியும். அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே அவள் பொய்க் கையெழுத்திடுகிறாள். காட்சியின் ஒரு பகுதியைப் பதிகிறேன்:

"சிப்பங்களை எண்ணி முடித்தபோது 31 இருந்தன. ரிஜிஸ்டரில் 41 என்று இருந்தது. இசக்கி பேனாவின் மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், மீண்டும் கழற்றினாள். சுவரோரம் நின்ற வர்ஷினியின் நாக்கு நாவற்பழக் கறையில் ஊதாவாக இருந்தது. மிதிக்கக் கூடாது என்று பாதையில் கிடந்ததையெல்லாம் பொறுக்கித் தின்றிருக்கிறாள். 'வேண்டாம் இசக்கி' என்றாள். இசக்கி அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்று நாள்களாகவே அவள் வர்ஷினியின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, கால்களைப் பார்த்துத்தான் பேசுகிறாள். 41க்கு நேராகக் கையெழுத்திட்டுவிட்டு, 'நீங்க போய்ச் சாப்பிடுங்க' என்றாள்."

அந்த 'நீங்க' என்ற சொல் எழுதும்போது தானாக வந்தது. 13 அத்தியாயங்களில் இசக்கி அவளை 'ஏட்டி' என்று மட்டுமே அழைத்திருக்கிறாள்.

அடுத்த அத்தியாயத்தில் இசக்கியின் தந்தை விடுதிக்கு வருகிறார். முன்னாள்காப்பாளர் அம்மா, ஓர் ஐயம்: அந்த பெஞ்சில் காத்திருப்பவர்களுக்கு யாராவது தேநீர் கொடுப்பார்களா?

முன்னாள்காப்பாளர் எழுதியது:

தண்ணீர் கொடுப்போம். தேநீர் கொடுத்ததில்லை.